லோரிக்குப் பக்கத்தில் ஓர் ஈரச்சாக்கு

அன்று மலேசியாவில், ஜாசினில், பரமேஸ்வரி அக்கா வீட்டு வாசலில், கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே இருந்தவர்கள்: நான், பரமேஸ்வரி அக்கா, அவர் கணவர் சேகர் மாமா, ஆயர் குரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிரவீன், பக்கத்து வீட்டுப் பூனை. இவர்களோடு, எங்கள் கையடக்க கேம் மெஷின்களுக்குள் ஆறு பூதங்கள். பூனையையும் பூதங்களையும் தவிர மற்ற எல்லாருக்கும் என் ஆட்டத்தைப் பற்றி ஒரு கருத்து இருந்தது.

பூதம் என்றதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பூதங்களைப் பிடித்து, வளர்த்து, அடுத்தவர் பூதங்களோடு மோதவிடும் வீடியோ கேம். நான் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பரமேஸ்வரி அக்கா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த கேம் இணையத்தில் முன்பின் தெரியாத எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டது. முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். நான் வாய்தவறி "ஐயையோ" என்றேன். காதில் ஒரு பெண் குரல் கேட்டது: "யாருலா இது, தமிழா? எதுக்குலா இப்படி பயந்து பயந்து ஆடற?" அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

அந்தக் குரலின் முகத்தைப் பார்க்க இப்போதுதான் வாய்த்தது. ஆயர் குரோவில் நடந்த ஜோடிப் போட்டியில் இருவரும் அருகருகே உட்கார்ந்துதான் ஆட வேண்டும் என்று விதி. பட்டறை முதலாளி விடுப்பு கொடுத்தபோது, "எதுக்குடா அவ்வளவு தூரம்?" என்றார். பூதம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றேன்.

விமான நிலையத்துக்குச் சேகர் மாமாதான் அழைத்துவர வந்திருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். லாரியை அங்கே லோரி என்கிறார்கள். வழி நெடுக இரண்டு பக்கமும் பனை மாதிரி மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. நம் ஊர்ப் பனையைப் பிடித்து உட்காரவைத்தது போலக் குட்டையும் பருமனுமாக இருந்தன. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இதுல நுங்கு எப்பங்க மாமா வெட்டுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் காரை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். "தம்பி, இதுல நுங்கு கெடையாது. எண்ணெய்தான் வரும். கடிச்சு கிடிச்சு வச்சிராத."

வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த நுங்கு போனில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பரமேஸ்வரி அக்கா வாசலிலேயே, "வா தம்பி, நுங்கு சாப்டுறியா?" என்றார். குரலைக் கேட்டதும் இரண்டு வருடப் பழக்கம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. நான் எதிர்பார்த்ததைவிடக் குள்ளம், எதிர்பார்த்ததைவிட அதட்டல். "என்னா அப்படி பாக்கற? வா உள்ள, வேர்த்துக் கொட்டுது பாரு" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இனி வருவது புரிய, ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜோடியில் ஆளுக்கு மூன்று பூதம். களத்தில் எங்கள் பக்கம் இரண்டு நிற்கும், என்னுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. எதிரிக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் நான்கு பேரும் ரகசியமாக ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்போம். அடிக்கலாம், பூதம் தன் வித்தையைக் காட்டலாம், உள்ளே இருக்கும் பூதத்தை மாற்றி இறக்கலாம், அல்லது அந்த ஒரு முறைக்கு மட்டும் கவசம் போட்டுக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு முறை கவசம் கிடையாது. வேகமான பூதம் முதலில் அடிக்கும். ஆகவே ஊரில் எல்லாரும் வேகமான பூதங்களைத் தேடி அலைவார்கள்.

அக்கா அலையவில்லை. அவருடைய பெரிய பூதம் மலை மாதிரி இருக்கும், ஆமை மாதிரி நகரும், ஒரே அடியில் யாரையும் சாய்த்துவிடும். பெயர் 'லோரி'. அதற்குத் துணையாக ஓர் ஒல்லிப் பூதம். அது ஒரு காற்றைக் கிளப்பிவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு வரிசை தலைகீழாகிவிடும், மெதுவான பூதம் முதலில் அடிக்கும். அக்கா பிறந்தது தோட்டத்தில். அங்கே காலையில் யாருக்கு எங்கே வேலை என்று பெயர் கூப்பிடுகிறவர் கிராணி. அதனால் வரிசையை மாற்றும் அந்த ஒல்லிப் பூதத்துக்கு 'கிராணி' என்று பெயர் வைத்திருந்தார். மூன்றாவது, காரமாக நெருப்பு துப்பும் 'மிளகா'.

என் மூன்றும் வேறு ரகம். மழையும் மின்னலும் வந்தால் தாங்குவதற்கு 'குடை'. நச்சு அடித்தால் முறிப்பதற்கு 'வேப்பிலை'. பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் எப்போதும் ஒரு ஈரச்சாக்கு போட்டு வைத்திருப்போம், தீப்பிடித்தால் அமுக்க. அப்படி ஒரு பூதம், 'ஈரச்சாக்கு'. எதிரி யாரை அடித்தாலும் அந்த அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும்.

அதே கேமை ஆடுகிற பிரவீன், என் மூன்றையும் மடிக்கணினியில் ஏதோ கட்டங்களுக்குள் போட்டுப் பார்த்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க மூணுல ஒண்ணுகூட அடிக்காது. லோரி விழுந்துச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் கைய கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும்."

"அடிக்கறதுக்குத்தான் அக்கா இருக்காங்களேங்க" என்றேன்.

"தம்பி," என்றார் அக்கா, "நீ டீம் கட்டல. இன்சூரன்ஸ் எடுத்து வச்சிருக்க."

சேகர் மாமா பூனைக்கு மீன் முள் போட்டபடி, "எந்த ஏஜண்டும் இவன்கிட்ட பிச்சை வாங்கணும்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் தூக்கம் வராது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிரவீன் கிளம்பும்போது அக்கா கேட் வரை போனார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னலருகே நின்றேன். "அக்கா, சீசனுக்கு என்கூட ஜோடி சேர்றதா இல்லையா? பேரு குடுக்கணும்லா" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியட்டும், சொல்றேன்."

"அவரு நல்ல மனுசன்தான் அக்கா. ஆனா தோக்காம இருக்கத்தான் ஆடறாரு. ஜெயிக்க ஆடல."

"அதான் சொல்றேன்னு சொன்னேன்ல."

அடுத்த மாதம் தொடங்கும் சீசன் முழுக்க இணையத்தில்தான் நடக்கும், கரூரில் இருந்தே ஆடலாம். ஆனால் ஜோடி ஒன்றுதான், இடையில் மாற்ற முடியாது. அக்கா பிரவீனோடு போய்விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. வேறு ஆள் தேடுகிற ஆளும் நான் கிடையாது. தம்ளரைக் கழுவி வைத்தேன், துடைத்தேன், மறுபடியும் கழுவினேன்.

மறுநாள் காலை ஜாசின் பசாரில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மெலிந்த சொந்தம். கரூரில் சால்னாவை ஊற்றி முக்கி எடுப்போம். இங்கே பருப்புக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் கிண்ணத்தைத் தூக்கி ரொட்டி மேல் கவிழ்த்தேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பெரியவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். என்னவென்று சேகர் மாமாவைக் கேட்டேன். "'அந்தத் தம்பி சாப்டறத பாத்தா எனக்கும் அப்படி சாப்டணும்போல இருக்கு'ங்கறாரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குக் கோலா சுங்கை பாருவில் சுட்ட மீன் என்று மாமா முடிவு செய்திருந்தார். பூதங்களின் பட்டியலை அன்று மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும், அதன்பின் மாற்ற முடியாது. "கடலப் பாத்தா மூளை தெளியும்" என்றார் அக்கா. மாமாவின் கார் வயதானது. காரை அவர் காடி என்றுதான் சொன்னார். என் பையில் குடை, டார்ச், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, பாஸ்போர்ட் நகல்கள், பிளாஸ்டிக் கயிறு எல்லாம் இருந்தன. அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "மீன் சாப்டப் போறோமா, கப்பலேறப் போறோமா?" என்றார்.

பாதி வழியில், இரண்டு பக்கமும் செம்பனை தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், 'பட்'டென்று ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா வண்டியை ஓரம் கட்டினார். அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது.

"பெல்ட் அறுந்துச்சு" என்றார் மாமா, குழம்பில் உப்பு குறைவு என்பது போல.

டிக்கியைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஜாக்கி இல்லை, ஸ்டெப்னி டயரும் இல்லை. ஒரு ஸ்பேனர் மூட்டை, ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு புது பெல்ட். அவ்வளவுதான்.

"மாமா, ஸ்டெப்னியே இல்லைங்களா? டயர் பஞ்சர் ஆனா?"

"டயர் கடைங்க வழி பூரா இருக்கு, ஒரு போன் போட்டா வந்துருவான். இந்தக் காடி பெல்ட்டுக்கு ஆர்டர் குடுத்துட்டு நாள் கணக்கா ஒக்காந்திருக்கணும். எது போனா வண்டி நிக்குமோ அத மட்டும் வச்சிருப்பேன். மத்ததெல்லாம் சொமைலா."

அவர் குனிந்து பெல்ட்டை மாட்ட, நான் கரூரில் இருந்து கொண்டுவந்த குடையை அவர் முதுகுக்கு மேல் பிடித்தேன். காருக்குள் இருந்து அக்கா, "உன் இன்சூரன்ஸ்ல ஒண்ணாவது வேலைக்கு ஆச்சு!" என்று கத்தினார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

கோலா சுங்கை பாருவில் மழை இல்லை. மீன்பிடிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒட்டுக்கடையில் திருக்கை மீனை மிளகாய் விழுதில் புரட்டி, வாழை இலையில் சுருட்டிச் சுட்டுக் கொடுத்தார்கள். அந்த விழுதில் கொஞ்சம் இனிப்பு இருந்தது. மீனில் இனிப்பா என்று முதல் வாயில் முகத்தைச் சுளித்தேன். முடிக்கும்போது இலையை வழித்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவி வந்ததும், வழியெல்லாம் மனதில் அரித்ததைக் கேட்டேன். "அக்கா, நம்ம டீம்ல எது போனா வண்டி நிக்குங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "கிராணி. அது காத்த கெளப்பறதுக்கு முன்னாடி செத்துச்சுன்னா லோரி வெறும் கல்லு."

"நெருப்பு?"

"அடிச்சா அடிக்கட்டும்."

"நஞ்சு?"

"நஞ்சு மெதுவாத்தான் கொல்லும். அதுக்குள்ள நாம ஆட்டத்த முடிச்சிரலாம்லா."

அப்படியானால் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான், அதுவும் ஒரே ஒரு முறைக்கு. முதல் முறையில் ஈரச்சாக்கு எல்லா அடியையும் தன் மேல் இழுத்துக்கொண்டால், பக்கத்தில் கிராணி நிம்மதியாகக் காற்றைக் கிளப்பும். அடுத்த முறை கிராணி உள்ளே, லோரி வெளியே. சாக்கு செத்தால் செத்துப்போகட்டும். அந்த இடத்துக்கு என்னுடையதும் அடிக்கிற பூதமாக இருந்தால் நல்லது. லோரியைப் போலவே மெதுவாக நகர்வதாகவும் இருந்தால், தலைகீழ்க் காற்றில் இரண்டும் சேர்ந்து முதலில் அடிக்கலாம். என்னிடம் அப்படி ஒரு பூதம் இருந்தது. எதிரியிடம் அடி வாங்கிச் செத்துவிடுமே என்று அதை ஒரு நாளும் களத்தில் இறக்கியதில்லை. அதன் பெயர் 'ரோடு ரோலர்'.

வேப்பிலையை எடுத்துவிட்டு ரோலரைப் போட்டேன். அக்கா மெஷினைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "பாங், இன்னொரு மீனு!" என்றார். அதுதான் அவர் பாராட்டு. பட்டியலை அனுப்பினோம். அனுப்பிய மறு நிமிடமே, நாளை எவனாவது நச்சோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன். "வாய மூடிட்டு மீனு சாப்டு" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் குரோவுக்குப் போனோம். அங்கே நடக்கிற மனிதர்களே கண்ணில் படவில்லை, எல்லாரும் வண்டிக்குள் இருந்தார்கள். போட்டி ஒரு பெரிய மண்டபத்தில். மாமா எங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனார். பதற்றத்தில் நான் வேகமாக முன்னே போய், கூட்டம் தெரிந்த கதவைத் திறந்து, மணக்கோலத்தில் இருந்த ஒரு ஜோடிக்கு எதிரில் போய் நின்றேன். பக்கத்து மண்டபத்தில் சீனக் கல்யாண விருந்து. மணப்பெண்ணின் அம்மா போலிருந்த ஒருவர் என் கையில் ஒரு மிட்டாய்ப் பையைக் கொடுத்து அனுப்பினார். "ஜோடிப் போட்டின்னு சொன்னதும் நேரா அங்கயே போய்ட்டான்" என்று அக்கா அதைப் பதிவு மேசையில் இருந்தவர்களுக்கெல்லாம் மூன்று மொழியில் சொன்னார்.

முதல் சுற்றில் இரண்டு மாணவர்கள். ஈரச்சாக்கு முன்னால் நின்றது, கிராணி காற்றைக் கிளப்பியது, லோரியும் ரோலரும் இறங்கின. அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நானே நினைக்கவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் ஆங்கிலத்தில் கூட்டாளியிடம், "அந்த அண்ணன் முகத்தைப் பார்த்துத் தோற்கப் போகிறார் என்று நினைத்தேன்" என்றான். இரண்டாம் சுற்று கொஞ்சம் இழுத்தது. எதிரி நச்சோடு வந்தான். நச்சு மெதுவாகத்தான் கொன்றது. அதற்குள் முடித்தோம். பிரவீன் பின்னால் நின்று கை தட்டினான். அவன் போட்டியில் இல்லை, பார்க்க மட்டும் வந்திருந்தான். எதற்குப் பார்க்க வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது சுற்றில் எதிரில் உட்கார்ந்தவர்கள் ஆ வெய் என்ற சீன இளைஞனும் ஹனா என்ற மலாய்ப் பெண்ணும். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர்கள் மேலே போகலாம். நாங்கள் இருவரும் வழக்கம்போலத் தமிழில் பேசிக்கொண்டோம். இரண்டு வருடமாக அதுதான் எங்கள் வழக்கம், மறைக்கத் தோன்றியதே இல்லை.

"சாக்கு இழுத்துக்கும், நீங்க காத்த கெளப்புங்க."

"சரி. அடுத்து மிளகா வருது, நீ கவசம் போடு."

நான் கவசம் போட்ட முறைகளில் அவர்கள் அடிக்கவே இல்லை. போடாத முறைகளில் சரியாக என்னையே அடித்தார்கள். சாக்கு அடியை இழுக்கத் தயாரானபோது, எல்லாரையும் ஒரே வீச்சில் அடிக்கிற பூதத்தை ஆளுக்கொன்று இறக்கினார்கள். அதைச் சாக்கால் இழுக்க முடியாது. கிராணி விழுந்தது. லோரி வெறும் கல்லாக நின்று அடி வாங்கியது. "இவங்களுக்கு மனசுல இருக்கறது தெரியுதுங்க்கா" என்றேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. முதல் ஆட்டம் போனது.

இடைவேளையில் ஆ வெய் மேசைக்கடியில் குனிந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினான். "அண்ணே, ஒங்க தண்ணி பாட்டில் கீழ விழுந்துருச்சு" என்றான், சுத்தமான தமிழில்.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. "ஒனக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்லா அக்கா. எங்க அப்பா மளிகக் கெட ஜாசின்ல, தோட்டத்துக்குப் போற ரோட்டுல. 'கிராணி'ன்னு பேரு வச்சிட்டு எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா? எங்க கெடயில அரிசி வாங்க வந்தவங்கள்ல பாதி பேரு கிராணியதான் திட்டிட்டு இருப்பாங்க."

அக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "அடோய்! நீ அந்த தவுக்கே மவனாலா? டிரவுசர் இல்லாம அரிசி மூட்ட மேல ஒக்காந்திருப்பியே!"

அக்காவின் குரல் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். தமிழ் தெரிந்த அத்தனை பேரும் மண்டபத்தில் திரும்பினார்கள். ஆ வெய் காது வரை சிவந்தான். ஹனா என்னவென்று கேட்க, அவன் சொல்ல மறுக்க, பக்கத்து மேசைக்காரர் மலாயில் விளக்க, அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நடுவர் வந்து எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார்.

தவுக்கே என்றால் கடை முதலாளி; பிள்ளையாய் இருந்தபோதே அக்கா பார்த்த அந்தக் கடைக்காரர் மகனுக்கு முன்னால், தமிழை ரகசியப் பாஷை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறோம். இதைவிடப் பெரிய மடத்தனம் எனக்குத் தெரிந்து பட்டறையில் யாரும் செய்ததில்லை.

இனி பேச முடியாது. அக்கா என்னைப் பார்த்தார். "வாய மூடிட்டு ஆடணும். முடியுமா?"

"முடியுங்க" என்றேன். முடியும் என்று தோன்றவில்லை.

ஆனால் இரண்டு வருடம் காதில் கேட்ட மூச்சு அது. அடிக்கப் போகும்போது அக்கா மூக்கால் ஒரு சின்னப் பெருமூச்சு விடுவார். பூதத்தை மாற்றப் போகும்போது நாக்கைத் தட்டுவார், அது 'ட்ச்' என்று கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு ஆடினேன். சாக்கை உள்ளே வைத்துவிட்டு முதலிலேயே ரோலரை நிறுத்தினேன். சாக்குதான் வரும் என்று எதிர்பார்த்த ஆ வெய், எல்லாரையும் அடிக்கும் பூதத்தை வைத்திருந்தான். அந்த ஒரு வீச்சு மட்டும் கிராணியைச் சாய்க்கப் போதவில்லை. காற்று கிளம்பியது. ரோலர் உருண்டது. இரண்டாவது ஆட்டம் எங்களுடையது. பின்னால் மாமா விசிலடித்து, நடுவரிடம் அவர் பங்குக்குத் திட்டு வாங்கினார்.

மூன்றாவது ஆட்டம் கடைசி வரை போனது. எங்கள் பக்கம் லோரியும் ரோலரும் மட்டும், இரண்டும் ஒரு அடி தாங்காத நிலையில். அவர்கள் பக்கம் ஹனாவின் பறவை மட்டும், அதுவும் ஒரு அடி தாங்காது. தலைகீழ்க் காற்று நின்றுவிட்டதால் பறவைதான் முதலில் அடிக்கும். ஆனால் அது ஒருவரைத்தான் அடிக்க முடியும். நாங்கள் இருவரும் அடித்தால், ஒருவர் செத்தாலும் மற்றவர் முடித்துவிடுவார். கணக்கு தெளிவு. இரண்டு பேரும் அடித்தால் வெற்றி.

இந்த மாதிரி இடத்தில் நான் எப்போதும் கவசம் போடுவேன். கவசத்தின் மேல் விரல் தானாகப் போய் நின்றது. காதைத் தீட்டினேன். அக்காவிடமிருந்து பெருமூச்சு வரவில்லை. மண்டபத்துச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அக்கா அடிப்பார், எப்போதும் அடிக்கிறவர் அவர்தானே. விரலை நகர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த மாதிரி இடத்தில் அடியை அழுத்தினேன்.

பறவை ரோலர் மேல் பாய்ந்தது. ரோலர் சாய்ந்தது. சரி, இனி லோரி முடித்துவிடும். திரையில் லோரியைச் சுற்றி நீல வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. கவசம்.

அடுத்த முறை லோரிக்குக் கவசம் கிடையாது. பறவைதான் முதலில். முடிந்தது.

நான் மெதுவாகத் திரும்பினேன். அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா... நீங்களா கவசம்?"

"பயந்துட்டேன்லா" என்றார். அதட்டல் இல்லாத குரலை அப்போதுதான் முதலில் கேட்டேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒன்ன வர வச்சிட்டு, என் கையால லோரிய சாகவிட்டு தோத்துட்டா என்னா செய்றதுன்னு... கை தானா போயிருச்சு. நீ எதுக்குலா அடிச்ச?"

"நீங்க அடிப்பீங்கன்னு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. எதிரில் ஆ வெய், "என்னா அக்கா, தோத்தவங்க சிரிக்கறீங்க, ஜெயிச்ச எங்களுக்கு வேர்க்குது" என்றான். கல்யாண வீட்டு மிட்டாய்ப் பையை அவனிடமும் ஹனாவிடமும் நீட்டினேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

பிரவீன் வந்தான். "அண்ணே, ரோலர் நல்ல முடிவு. கடைசில நீங்க செஞ்சதுதான் சரி" என்று என் கையைக் குலுக்கினான். நல்ல பையன். அதுதான் சங்கடம். பிறகு, "அக்கா, ஒரு நிமிசம்" என்றான். நான் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று நகர்ந்தேன். கடை வரிசையில் நின்று, கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தேன். அக்கா பேசினார். அவன் தலையாட்டினான். அவன் பேசினான். அக்கா தலையாட்டினார். தலையாட்டலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐஸ் போட்ட தேநீர் ஐந்து வாங்கிவிட்டேன், நாங்கள் இருந்தது நான்கு பேர். மாமா இரண்டு குடித்தார்.

திரும்பும் வழியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அக்கா பாதி வழியில் தூங்கிப்போனார். மாமா மட்டும், "அவ கவசம் போட்டத நான் கல்யாணத்துலேர்ந்து பாத்ததே இல்ல தம்பி" என்றார்.

மறுநாள் காலை கிளம்பினேன். அக்காவுக்குக் காலை ஷிப்டு, நான் எழுவதற்கு முன்பே போய்விட்டிருந்தார். மேசை மேல் நாசி லெமாக் பொட்டலம் இரண்டு. விமான நிலையத்தில் அவற்றைப் பிரித்துச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு ஆறிப்போயும் நன்றாக இருந்தது. இனி ராத்திரி வேலை முடிந்து வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி பார்க்கலாம். சீக்கிரம் தூங்கலாம். ஜோடி இல்லாமல் தனியாக ஆடும் போட்டிகளும் இருக்கின்றன.

விமானத்துக்குக் கூப்பிடும் நேரத்தில் போன் அதிர்ந்தது. அக்காவின் டீ இடைவேளையாக இருக்கும். ஒரு படம் வந்திருந்தது, சீசனுக்குப் பணம் கட்டிய ரசீது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஜோடிப் பெயர்கள் இருந்த இடத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் படித்தேன். முதல் பெயர் அக்காவுடையது. இரண்டாவது, என் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. மறுபடியும் படித்தேன். பின்னால் நின்றவர் நகரச் சொல்லித் தோளைத் தட்டினார்.

படத்துக்குக் கீழே குரல் செய்தி. பின்னணியில் இயந்திரச் சத்தம். "பிரவீன்கிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு அவன் கிளாஸ்லயே வேற ஜோடி கெடைக்கும்லா. ஒனக்கும் எனக்கும் யாரு கெடைப்பா? ரெண்டு பேருக்கும் சேத்து நானே கட்டிட்டேன். ஒன் பங்க அனுப்பிரு, ஏமாத்திராத."

ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்கிறார்கள். கரூருக்கு வந்ததும் அனுப்பப் பார்த்தேன். அனுப்பும் கூலி அனுப்புகிற பணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவிடம் சொன்னதற்கு, "அப்ப நேர்ல கொண்டாந்து குடு" என்றார். முப்பத்தைந்து வெள்ளி, இன்னும் பாக்கி.